நீலம் வராத பிற்பகல்

…நீலம்தான், மறுபடியும் நீலம்தான் குறைகிறது, சிவப்பு இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, பச்சை பாதி வரைக்கும் வந்து தயங்கி நிற்கிறது, அதற்கு அப்பால் திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. தட்டிப் பார்க்கலாமா, தட்டினால் வருவதற்கு இது என்ன டிவியா. திங்கட்கிழமை புதுக் கண்ணாடிகள் மாட்டியபோது முழுதாக இருந்தது, அஃப்ஷாவே பார்த்தாள், சிவப்பிலிருந்து நீலம் வரைக்கும் அகலமாக ஒரு குன்று மாதிரி நின்றது, பிறகு ஒவ்வொரு பிற்பகலும் ஒரு பக்கம் சரிந்துகொண்டே வருகிறது. காலையில் கைடு ஜோனதன் சார் உட்கார்ந்தால் முந்தின நாள் விட்ட இடத்தில் அப்படியே இருக்கிறது. அவருக்கு வகுப்பு தொடங்கி, மதியத்துக்கு மேல் இவள் உட்கார்ந்தால் தேய்கிறது. இதற்கு என்ன அர்த்தம்… அர்த்தம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஜோனதன் சார் மட்டும் ஒரு தரம் சொன்னார், மெதுவாக, உடம்பு சரியில்லாதவர்களிடம் பேசுகிற மாதிரி, "உன் கைதான்மா, நீ அறியாமலே பண்றே. மிரரைத் தொடுறியா? துப்பட்டா நுனி படுதா? ஞாபகப்படுத்திப் பாரு" என்று. அவள் ஞாபகப்படுத்திப் பார்த்தாள். இரவெல்லாம் பார்த்தாள். தொட்டதாக ஞாபகம் இல்லை, ஆனால் தொடவில்லை என்றும் ஞாபகம் இல்லை, செய்யாத ஒன்றை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது.

பின்னால் ஸ்டூலில் பெங்களூரிலிருந்து வந்த பேராசிரியர் கோவிந்தசாமி உட்கார்ந்திருந்தார். மூக்கில் கைக்குட்டை. மடியில் சின்ன பிளாஸ்டிக் பெட்டி, காலியாக, மூடி திறந்து. அந்தப் பெட்டியில் வந்த நான்கு கண்ணாடிகள்தான் இப்போது மேஜையில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவருடைய லேபிலிருந்து ஒரு வருஷத்துக்கு இரவலாகக் கொடுத்தது. இன்று மாலைக்குள் லேசரின் ஒளித்துடிப்பு சுருங்குவதைக் காட்டவில்லை என்றால் அவற்றைக் கழற்றிப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவார். அதற்குத்தான் வந்திருக்கிறார். கேட்டால் சிரிப்பார், "அங்கேயும் பசங்க காத்துக்கிட்டிருக்காங்கம்மா" என்பார். கண்ணாடி போனால் அதன் பின்னாலேயே போக அவளுக்கு வழியில்லை. பெங்களூரில் ஹாஸ்டலா, பேச்சே எடுக்காதே என்று வீட்டில் எப்போதோ முடிந்துபோன விஷயம். இந்த லேப் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதால்தான் ஆராய்ச்சி, இல்லையென்றால் ஆம்பூரில் எந்த வீட்டில் இருபத்தேழு வயதுப் பெண்ணை லேசரோடு விட்டு வைப்பார்கள்.

அந்தக் கண்ணாடிகள்மேல் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. அவை சாதாரணக் கண்ணாடி இல்லை, மேலே கண்ணுக்குத் தெரியாத படலங்கள் பல பத்து, ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் வேறு வேறு தடிமன். ஒளித்துடிப்பு பிறக்கும்போது எல்லா நிறமும் ஒன்றாகத்தான் பிறக்கின்றன, லென்ஸ் வழியாக, படிகம் வழியாக, ஏன் இந்தக் காற்று வழியாகப் போனாலே போதும், சிவப்பு முந்திக்கொள்கிறது, நீலம் பின்தங்குகிறது, ஒரு நொடியில் வந்து முடிய வேண்டிய ஊர்வலம் தெரு நீளத்துக்கு இழுபடுகிற மாதிரி. அதைத் திருத்தத்தான் இந்தப் படலங்கள். நீலத்தை மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்பிவிடும், சிவப்பை ஆழம் வரைக்கும் உள்ளே விட்டுத் தாமதமாக அனுப்பும், நாலைந்து தரம் அப்படி மோதி வெளியே வரும்போது முந்தினதும் பிந்தினதும் சேர்ந்துவிடும். ஐந்து ஃபெம்டோ நொடி, ஒரு நொடியை இரண்டு கோடி கோடியாகப் பங்கிட்டதில் ஒன்று, அதுதான் இலக்கு. அதை எதோடு ஒப்பிட்டுச் சொன்னாலும் அப்பாவுக்குப் புரியவில்லை, கடைசியில் "எம்பொண்ணு வெளிச்சத்தை அமுக்குறா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார். அமுக்குவதுதான். ஆனால் குறைந்த நேரத்துக்குள் அமுக்க வேண்டுமென்றால் நிறைய நிறம் வேண்டும், ஒரு நிறத்தை இழந்தாலும் துடிப்பு பருத்துவிடும், அதுதான் அதன் குணம், நீலம் இல்லாத துடிப்பை எந்தக் கண்ணாடியும் ஐந்துக்குள் அடைக்காது. காலையில் ஒன்பது ஃபெம்டோ நொடியில் நின்றது. இப்போது பதினொன்று. அவள் திருகைத் திருப்பினாள், பதினொன்றுதான்.

"அச்சூ" என்று தும்மினார் கோவிந்தசாமி. ஜோனதன் சார் பதறி எழுந்தார். "பாத்தீங்களா, ஜாஸ்தியாவுது. ஏசி ஒத்துக்கல சார் உங்களுக்கு. அணைச்சிடறேன்." "ஐயோ, வேணாம் ஜோனதன், லேசர் ரூம்ல போயி ஏசிய…" "ஒண்ணும் ஆவாது சார், ஒரு பத்து நிமிஷம்." அணைத்துவிட்டார். அணைத்ததோடு விடவில்லை, ஸ்டூலுக்கு மேலே இருந்த பின்பக்க ஜன்னலையும் திறந்துவிட்டார், நல்ல காற்று வரட்டும், உடம்புக்குச் சூடு படட்டும் என்று. கோவிந்தசாமி கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கிவிட்டது. பாவம், காய்ச்சலில் கொண்டு விடப்போகிறது. அறை சூடாகி மேஜையில் ஒளிப்புள்ளி மெல்ல நகரத் தொடங்கியது, இது வேறு, இதையும் இவள் கைதான் என்பார்களோ… அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் புள்ளியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். கைகளை அவளே பார்த்தாள். சோப்புப் போட்டுச் சோப்புப் போட்டு விரல் நுனிகள் வெளுத்திருந்தன. கையுறை வேறு. கையுறைக்குள் இருக்கிற கை எப்படிக் கெடுக்கும், அப்படியும் கெடுக்கும் போலிருக்கிறது, சில பேர் கை அப்படி என்பார்கள், செடி வைத்தால் காயும்… சீ, படித்தவள் நினைக்கிற நினைப்பா இது.

மொபைல் அதிர்ந்தது. அப்பா. வெளியே போய்ப் பேச நேரமில்லை, காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள். அவர் உருதுவில் சத்தமாகப் பேசினார், அறை முழுக்கக் கேட்டது, பேட்டி, மகளே, பெங்களூர் சாருக்கு ஜலதோஷமாமே, ஜோனதன் போன் பண்ணினார், உன் அம்மி ஜோஷாந்தா காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றிவிட்டாள், நானே கொண்டு வருகிறேன், குடித்தால் ராத்திரிக்குள் மூக்கு திறந்துவிடும். வைத்துவிட்டார். கோவிந்தசாமி கேட்டார், "ஜோஷாந்தான்னா?" "கஷாயம் சார், யுனானி மருந்துக் கடையில வேரும் பட்டையுமா பொட்டலம் தருவாங்க, கொதிக்க வெச்சுக் குடிக்கிறது. கசப்பு ஜாஸ்தி." "எனக்கெதுக்குமா அது?" "ஜலதோஷத்துக்கு சார்." அவர் ஏதோ சொல்ல வந்து கைக்குட்டைக்குள் சிரித்துக்கொண்டார்.

அப்பா வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கல்லூரிக்கு அவர்தான் செயலாளர், நிசார் அஹமது என்று நுழைவாசலில் கல்வெட்டு இருக்கிறது, தோல் முதலாளிகள் சேர்ந்து கட்டிய கல்லூரி, நிலம் அப்பா கொடுத்தது, பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய டேனரி. லேசர் வாங்கும்போது கமிட்டியில் எல்லோரும் கம்ப்யூட்டர் கேட்டார்கள், அப்பா ஒருவர்தான் நம் ஊரிலும் ஒன்று இருக்கட்டுமே என்றார், ஏன் என்று கேட்டவர்களுக்கு ஏன் இருக்கக் கூடாது என்றார். அவர் எதிரில் ஜோனதன் சார் என்ன சொல்வார்… சொல்ல மாட்டார், அப்பாவின் எதிரில் சொல்ல மாட்டார், ஆனால் பேராசிரியர் கேட்டால் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும், அவருக்கும் வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர் கெட்டவர் இல்லை. வெறும் வெள்ளிக் கண்ணாடி வாங்கியது அவர். சிர்ப்டு மிரர் என்கிற அந்தப் பெங்களூர்க் கண்ணாடிகளுக்கு நடுவில் ஒளியைத் திருப்பி விடுவதற்கு வெள்ளி பூசிய கண்ணாடிகள் வேண்டும், பூச்சுக்கு மேல் பாதுகாப்புப் பூச்சு போட்டதும் கிடைக்கும், அந்தப் பூச்சு துடிப்பைக் கலக்கும் என்று வெறும் வெள்ளியாகவே கேட்டு வாங்கினார். நல்ல எண்ணத்தில்தான். எட்டு வெள்ளிக் கண்ணாடிகள், திங்கட்கிழமை மாட்டியவை, எட்டும் புதிதில் பால் மாதிரி. பிறகு… அவள் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் லேசாக ஒரு மஞ்சள். முன்பும் பார்த்திருக்கிறாள். ட்யூப் லைட் நிறம் என்று நினைத்துக்கொண்டாள், அல்லது நினைத்துக்கொள்ள விரும்பினாள், மஞ்சள் என்றால் விரல் எண்ணெய், விரல் என்றால் யார் விரல்.

"கொஞ்சம் ஜன்னல மூடிடறியாம்மா" என்றார் கோவிந்தசாமி. ஜோனதன் சார் அப்போதுதான் டீ சொல்ல வெளியே போயிருந்தார். அவள் எழுந்து மூடினாள். "ஜலதோஷம் ரொம்ப பேஜார் சார், போன வாரம் எங்க வீட்லயும் எல்லாருக்கும்…" "ஜலதோஷம்லாம் இல்லம்மா." அவர் கைக்குட்டையை எடுக்காமலே பேசினார், கூச்சப்படுகிற மாதிரி. "சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த வாசனை இங்க எப்பவும் இருக்குமா?" "எந்த வாசனை சார்?" அவர் அவளையே பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று பார்த்த மாதிரி இருந்தது, பிறகு இல்லை என்று தெரிந்துகொண்ட மாதிரி. "அழுகின முட்டை மாதிரி" என்றார். "காலையில வந்தப்ப கொஞ்சம் கம்மியா இருந்தது. மத்தியானத்துக்கு மேல தாங்க முடியல. தலை வலிக்குது."

அழுகின முட்டை. அவள் மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. சூடேறின அறையின் புழுக்கம், டஸ்டரின் சாக்பீஸ், ஜோனதன் சார் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்… இன்னொரு தரம் இழுத்தாள். ஒன்றுமே இல்லை. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் டேனரியில் சுண்ணாம்புக் குழிகளைக் கிளறித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள், முடி களைவதற்குச் சுண்ணாம்போடு சல்ஃபைடும் போட்ட குழிகள், பிற்பகல், தினமும் பிற்பகல், குழந்தையிலிருந்து அந்த நேரம் தெரியும், சங்கு ஊதுகிற மாதிரி தெரியும். சல்ஃபைட். அழுகின முட்டை. பதினோராம் வகுப்பு லேபில் இந்த வாயுவைக் குடுவையில் உண்டாக்கினார்களே, வெள்ளி நாணயத்தைக் காட்டினால் கறுக்கும் என்று எழுதி மார்க் வாங்கினாளே, அன்றைக்கு டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு பாருங்க பாருங்க என்றார், ஆலப்புழைக்காரர் அவர், வகுப்பில் வேறு யாரும் மூக்கைப் பொத்தவில்லை, யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. கறுப்பதற்கு முன்னால் வெள்ளி மஞ்சளாகும். மஞ்சளான வெள்ளி முதலில் எதைத் தின்னும்… நீலத்தை. நீலத்தைத்தான். எட்டுக் கண்ணாடி, ஒவ்வொன்றும் ஒரு வாய்.

அப்படியானால் கை இல்லை. என் கை இல்லை. உட்கார வேண்டும் போல இருந்தது, சிரிக்க வேண்டும் போல, ஓடிப்போய் ஜோனதன் சாரை நிறுத்தி… அந்த சந்தோஷம் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் வரைக்கும்கூட நிற்கவில்லை. வேலூருக்கு எம்.எஸ்ஸி. படிக்கப் பஸ்ஸில் போன இரண்டு வருஷம் வந்து நின்றது. பக்கத்தில் உட்காருகிற பெண்கள் பள்ளிகொண்டா வருவதற்குள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார்கள், முன்னால் போய் நின்றுகொண்டுகூட வருவார்கள். புர்காவுக்காக என்று நினைத்தாள். நினைத்து, உள்ளே இறுகி, யாரிடமும் முதலில் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டாள், இரண்டு வருஷமும் அப்படியே முடிந்தது. புர்காவா, அதில் ஏறியிருந்த வாசனையா, இரண்டுமா… இனிமேல் யாரைக் கேட்பது. "சார், வாசனை என்மேலயும்…" என்று தொடங்கி நிறுத்தினாள். கோவிந்தசாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சில்வர் மிரர் எல்லாம் மேல்பூச்சு இல்லாத வெறும் சில்வரா?" என்றார். அவருக்கும் பிடிபட்டுவிட்டது. "ஆமா சார்." "ஹும். அந்தப் பக்கம் யாரோட டேனரி?"

வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம். அப்பா வருகிறார் என்று தெரிய அந்தச் சத்தமே போதும், ஜோனதன் சார் அவருக்கு முன்னால் பாதி ஓட்டமாக வந்தார். நிசார் அஹமது கையில் ஃபிளாஸ்க், அதன் மூடியிலேயே ஜோஷாந்தாவை ஊற்றி நீட்டினார். "சார், சூடா ஒரே மூச்சுல குடிச்சிடணும். நிறுத்தி நிறுத்திக் குடிச்சா கசப்பு ஏறிடும்." கோவிந்தசாமி வாங்கி, குடிக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்தார். "எப்படி இருக்கு சார் நம்ம லேப்? எம்பொண்ணு அமுக்கிட்டாளா வெளிச்சத்தை?" ஜோனதன் சார்தான் தொண்டையைச் செருமினார். "கிட்டத்தட்ட வந்துடுச்சுங்க. மிரர்தான் கொஞ்சம்… கை பட்டிருக்கு. பழக்கம்தானே, சரியாப் போய்டும்." கை என்றபோது அப்பா அவளுடைய கைகளைப் பார்த்தார். கோபமாக இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி, வருத்தமாக, மன்னிக்கிற மாதிரி. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"கை இல்லப்பா" என்றாள். தமிழிலேயே சொன்னாள், எல்லோருக்கும் புரியட்டும் என்று. "நம்ம டேனரிதான். சுண்ணாம்புக் குழியிலேர்ந்து கேஸ் வருது. அது வெள்ளியைக் கறுக்க வைக்குது. அதான் நீலம் போய்டுது." ஜோனதன் சார் "அஃப்ஷா…" என்றார், எச்சரிக்கிற குரலில். அப்பா அவரைக் கையால் நிறுத்தினார். "இரு, இரு. இன்னா கேஸ்?" "நாத்தம்பா. மத்தியானத்துக்கு மேல நாறுது. சாருக்கு ஜலதோஷமே இல்ல, நாத்தம் தாங்காமத்தான் கைக்குட்டை." அப்பா தலையை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். இந்தப் பக்கம் திரும்பி இழுத்தார், ஜன்னல் பக்கம் போய் இழுத்தார். "எந்த நாத்தம்? உங்களுக்கு வருதா ஜோனதன்?" ஜோனதன் சாரும் நேர்மையாக இழுத்துப் பார்த்தார், அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். "இல்லீங்களே." அவளும் இழுத்தாள், மூன்று பேரும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், அந்த அறையில் கைக்குட்டை வைத்திருந்தவர் ஒருவர்தான், அவர் ஒருவர் சாட்சி போதுமா.

"நான் ஒண்ணு சொல்றேன்" என்றார் கோவிந்தசாமி, பணிவாக. "வெள்ளியை எடுத்துட்டு அலுமினியம் போடலாம். கொஞ்சம் வெளிச்சம் கம்மியாகும், பரவாயில்ல, அஃப்ஷா சமாளிச்சுடுவா. ஆனா காரணம் நிச்சயமாத் தெரியணும். கை பட்டுத்தான் போகுதுன்னா என்னோட மிரரும் நாளைக்குப் போயிடும், இங்க விட்டுட்டுப் போக முடியாது. காத்துதான்னா சரி, என்னோடதுல வெள்ளி இல்ல, அதை ஒண்ணும் பண்ணாது, நான் விட்டுட்டுப் போறேன்." சொல்லிவிட்டு மடியில் இருந்த பெட்டியின் மூடியைப் பிடித்தபடியே இருந்தார். ஜோனதன் சார் திரையைப் பார்த்தார். யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை.

நிசார் அஹமதின் முகம் தெளிந்தது, சண்டை ஒன்றும் வேண்டாம், கணக்கு தீர்ந்தது என்பது மாதிரி. விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினார், அகீக் கல் பதித்த வெள்ளி மோதிரம். "சார், இது சுத்த வெள்ளி. என் நிக்காஹ்ல போட்டது. முப்பது வருஷமா இதே விரல்தான், முப்பது வருஷமா அந்த டேனரிலதான் உக்காந்திருக்கேன், குழிக்குப் பக்கத்துலயே ஆபீசு. பாருங்க." உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ட்யூப் லைட் வெளிச்சத்தில் மோதிரம் பளிச்சென்று இருந்தது, ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. "காத்து கறுக்க வெக்கும்னா இதையில்ல முதல்ல கறுக்க வெச்சிருக்கணும்?" அவர் ஜெயிக்கப் பார்க்கவில்லை. மகளுக்கு உதவத்தான் பார்த்தார், பார் பேட்டி, நீ பயந்துட்டே, அவ்வளவுதான் என்கிற மாதிரி அவளைப் பார்த்துச் சிரித்தார். ஜோனதன் சார் மூச்சு விட்டார். கோவிந்தசாமி மோதிரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி மோதிரத்தை. பெட்டி மூடியின் மேல் இருந்த கட்டைவிரல் லேசாக அழுந்தியது.

சொல்லலாமா. சொன்னால் அப்பாவை சபையில் வைத்து… சொல்லாவிட்டால் கை, என் கை, காலம் முழுக்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் குளிக்கப் போகும்போது அப்பா மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைப்பார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் அம்மி அதை எடுப்பாள். "அப்பா" என்றாள் அஃப்ஷா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அது கறுக்கும். அம்மி துலக்கி வைக்கிறாங்க. வாராவாரம் நீங்க குளிக்கும்போது, பல்பொடி போட்டு. நானே எத்தனையோ தரம் பார்த்திருக்கேன்."

கோவிந்தசாமியின் கட்டைவிரல் மூடியை விட்டது. அப்பா மோதிரம் இல்லாத விரலைத் தடவிக்கொண்டார். "எதுக்கு?" என்றார். உண்மையாகவே கேட்டார், அவளைப் பார்த்து, அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பது மாதிரி. "எதுக்கு துலக்குறா?"

எதற்கு… கறுக்கிறதே அதற்கு, என்று சொன்னால் முடிந்துவிடும், ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. அம்மி இந்த ஊர்க்காரி இல்லை, கிருஷ்ணகிரி, மாந்தோப்புக்கு நடுவில் வீடு. கல்யாணமாகி இங்கே வந்து வண்டியிலிருந்து இறங்கிய பிற்பகலில் அந்த வாசனை அவளுக்கு வந்திருக்கும், வராமல் இருந்திருக்க முடியாது, புது மோதிரம் முதல் மாதமே மங்கியிருக்கும், ஏன் என்று கேட்டிருக்கலாம், யாரிடமாவது ஒரு வார்த்தை, கேட்கவில்லை, பல்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எப்போதோ ஒரு நாள் அவளுக்கும் வராமல் போயிருக்கும், எல்லோருக்கும் போனது மாதிரி… போயிருக்குமா. அல்லது இன்றைக்கும், இப்போதும், ஜோஷாந்தா காய்ச்சிக்கொண்டு நிற்கும்போதும், பெங்களூர்க்காரருக்கு வந்தது ஜலதோஷம் இல்லை என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்…